உஷாராணியின் ஓட்டு

குளத்தில் இறங்குவதற்கு முன் உஷாராணி அறிவிப்புப் பலகையைப் படித்தாக வேண்டும். ஓடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, தலைக்குத் தொப்பி கட்டாயம், ஞாயிறு காலை பெண்களுக்கு மட்டும். மலேசியாவின் கிள்ளான் நகரில் இந்தக் குளத்தில்தான் அவர் பல வருடமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். பலகையில் ஓர் எழுத்துகூட மாறியதில்லை. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அதற்குள் தண்ணீரில் நிற்கும் பெண்களுக்குப் பல் கிடுகிடுக்க ஆரம்பித்துவிடும்.

"உஷாக்கா, அது என்ன நேத்து எழுதினதா? சீக்கிரம் வாங்க லா," என்று நசீமா குரல் கொடுப்பார். துணிக்கடைக்காரர். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை, ஆனால் குளம் முழுக்க அவருடைய அதிகாரம்தான்.

"இரு நசீமா. யார உள்ள விடுறாங்கன்னு பாத்துக்கறேன்."

பெண்கள் இதைக் கேலிப் பேச்சு என்று நினைத்துச் சிரிப்பார்கள். உஷாராணி பிறந்தது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில். அவர் சிறுமியாக இருந்தபோது அங்கே கடலுக்கும் பலகை உண்டு. இந்த மணல் வெள்ளையருக்கு, அந்த மணல் இந்தியருக்கு என்று எழுதி நட்டிருப்பார்கள். தம் பங்குக்கு வந்த முரட்டு அலையில்தான் அவர் நீந்தப் பழகினார். "தண்ணிக்கு ஆளத் தெரியாது. பலகைக்குத்தான் தெரியும்," என்பார்.

அகலமான தோள், ஒட்ட வெட்டிய நரைத்த தலை. புருஷனைத் தெருவே கேட்க "சிவா" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சிவநேசன் கிள்ளான்காரர், கிரேன் மெக்கானிக். நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் ஒழிந்த கையோடு டர்பனில் கட்டட வேலைக்குப் போனவர், திரும்பும்போது மனைவியோடு வந்தார். வந்த புதிதில் உஷாராணிக்குத் தமிழில் தேவாரம் பாடத் தெரியும், குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. பாசார் கடைகளிலும் பக்கத்து வீடுகளிலும் கேட்டுக் கேட்டே பேசக் கற்றுக்கொண்டார். இன்று அவர் பேசுவது அசல் கிள்ளான் தமிழ். திகைத்துப்போனால் மட்டும் "ஹாய்போ" என்று ஒரு ஜூலு வார்த்தை வாயிலிருந்து விழும்.

குளித்து முடித்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் யாராவது கேட்பார்கள், அங்கே இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று. உஷாராணி தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே பதில் சொல்வார்.

"போர்ட கழட்டியாச்சு. ஆளுங்க அவங்க அவங்க இடத்துலயேதான் இருக்காங்க. எங்க தம்பி வீட்டுத் தெருவுல இன்னைக்கும் எல்லாம் நம்ம ஆளுதான். கரண்டு போயிடும், வேல இல்ல, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ஆனா எங்க அப்பா ஓட்டுப் போட்டுட்டுத்தான் செத்தாரு."

அப்பா வேலாயுதம் டர்பன் நகராட்சியில் தெருக் கூட்டியவர். எண்பதுகளில் அரசாங்கம் இந்தியருக்கென்று தனியாக ஒரு சபை அமைத்து, அதற்கு மட்டும் ஓட்டுப் போடச் சொன்னது. வீடு தேடி வந்த கட்சிக்காரர்களிடம் வேலாயுதம், "எல்லாரும் போற வாசல்ல விட்டா வரேன், பின்பக்கமா வரமாட்டேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வாசல் திறக்கப் பத்து வருடம் ஆனது. அந்த நாளில் மகளும் அவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நடக்கவே சிரமப்பட்டவர், நாற்காலி கொடுத்தும் உட்கார மறுத்துவிட்டார். அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை. வாழ்க்கையில் அவருக்கு வாய்த்தது அந்த ஒரே ஓட்டு.

அதனால்தான் உஷாராணி கிள்ளானில் இத்தனை வருடமும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐ.சி. என்ற அடையாள அட்டையோடு காலத்தை ஓட்டினார். குடிமக்களுக்கு நீல ஐ.சி. அதை வாங்கினால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தராது. அந்த நாட்டுத் தேர்தல் வரும்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோலாலம்பூர்த் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போடுவார். இந்த நாட்டுத் தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் சிவநேசனின் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது போதும் என்றுதான் இருந்தார்.

மகள் தாமரை கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறை தேடியபோது அந்த நிம்மதி போயிற்று. போனில் எல்லாம் ஒத்துவரும். பெயரைச் சொன்னதும் அறை வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும். கடைசியில் ஒரு விளம்பரத்தில் பச்சையாகவே போட்டிருந்தது, இந்தியர் வேண்டாம் என்று. மகள் அதை அம்மாவுக்கு அனுப்பிவைத்தாள். உஷாராணி விளம்பரத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார். எடுத்த ஏஜெண்டு தமிழ்ப் பையன், பெயர் லோகன்.

"ஓனர் சொல்றாரு ஆன்டி, நான் என்ன செய்ய? வேற ஏரியால பாத்துத் தரேன் லா."

"போட உனக்குக் கை வந்துச்சா தம்பி?"

கேட்டுவிட்டு உஷாராணி போனை வைத்துவிட்டார். அன்று மாலை சிவநேசனிடம் அவர் சொன்னார், "எங்க ஊர்ல இப்ப இத எழுதினா கோர்ட்டுக்கு இழுப்பாங்க, சிவா. செய்யாம இல்ல, செய்றாங்க. ஆனா எழுதக் கூச்சப்படுறாங்க. அந்தக் கூச்சம் வர எவ்வளவு பேர் கெடந்து கத்தினாங்க தெரியுமா? இங்க நான் யாருகிட்டப் போய்க் கத்த? ஒரு எம்.பி. ஆபீசுக்குப் போனா, நீ யாருன்னு கேப்பான்."

தாமரைக்கு வேறோர் அறை கிடைத்துவிட்டது. அவள் அதை மறந்தும்விட்டாள். அம்மா மறக்கவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டார். அது வருடக்கணக்கில் இழுத்தது. இடையில் ஒரு முறை தூதரகத்துக்குப் போய், இதுதான் கடைசி என்று தெரிந்தே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

மனு ஒப்புதலான வாரம் டர்பனிலிருந்து தம்பி கூப்பிட்டார். "அப்பா நின்னு வாங்கினத நீ திருப்பிக் குடுக்கறியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மறுநாள் ஞாயிறு. உஷாராணி வழக்கத்தை விட நீண்ட நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தார். அழுதார் என்பதை மறைப்பதற்கில்லை.

"கண்ணு செவந்திருக்கு. குளோரின் ஜாஸ்தியாக்கா?" என்றார் நசீமா.

"ஆமா லா," என்றார் உஷாராணி. நசீமாவும் நம்பியதுபோல் விட்டுவிட்டார்.

சென்ற மாநிலத் தேர்தல்தான் அவருக்கு இங்கே முதல் தேர்தல். வயதுப்படி அறை பிரிப்பதால் சிவநேசன் வேறு வரிசைக்குப் போய்விட்டார். உஷாராணி தனியாகத்தான் உள்ளே போனார். முதல் மேசையில் அவர் பெயரை உரக்கப் படித்தார்கள். அடுத்த மேசையில் மைப்புட்டியோடு ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தார். உஷாராணி இடது கையை நீட்டினார்.

"அது இல்ல, காக்," என்றார் அந்தப் பெண் மலாயில், அக்கா முறை வைத்து, தன் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டி.

உஷாராணி குனிந்து பார்த்தார். அவர் நீட்டியிருந்தது கட்டைவிரல். தென்னாப்பிரிக்கத் தேர்தலில் மை வைப்பது அதில்தான். அவரைக் கேட்காமலே கை அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டிருந்தது.

பின்னால் வரிசை காத்திருந்தது. மலாய்ப் பெண் அவசரப்படுத்தவில்லை. உஷாராணி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார். மூன்று விரல்களால் அதை இறுக மூடிக்கொண்டார். பிறகு சுட்டுவிரலை நீட்டினார்.