தவிலை மீட்டவர்

என் தங்கை கல்யாணத்துக்கு மேளக்காரர்கள் வந்து சேரவில்லை. புதுவாயல் மைக்செட்காரர்தான் இசைத்தட்டில் கெட்டிமேளம் போட வேண்டும். அப்போது புதிதாக வந்திருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் நாதஸ்வரம் கேட்டது. தவில் கேட்கவே இல்லை.

ஒல்லி மனிதர். எந்த விசேஷத்திலும் செய்வதுபோல ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்மூடி நின்றார். பிறகு இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் ஒயரை வெட்டி, நடுவே ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தார்.

“இன்னாண்ணே, தடை போட்டா இருக்கிற சத்தமும் பூடாதா?” என்றேன்.

“கொஞ்சம் கொறையும், ஏத்திக்கலாம். இந்தப் புதுப் பெட்டி ஊசிலேர்ந்து வர்ற கரண்டை ரொம்ப இழுக்குது தம்பி. கீச்சுச் சத்தம் தாங்கிக்கும், கனத்த சத்தம் செத்துப்பூடும். இனிமே மெதுவா இழுக்கும்.”

கெட்டிமேளம் பந்தலையே அதிரவைத்தது. தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. ஸ்பீக்கர்மேல் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்து நின்றிருந்தேன்.