மன்றத்தின் பின்கதவு

அவளுடைய உண்மையான பெயர் தீயணைப்பு நிலையத்தின் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவள் கதவம்மா. ஆய்வுக்கு எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும், நாற்காலியை இழுத்துப் போட்டு அசடு வழிபவர்களைத் தாண்டிப் போய், "வெளிய போற வழி எது?" என்று கேட்பாள். "என் பொண்டாட்டி சொர்க்கத்துக்குப் போனாலும் முதல்ல பின்வாசல் எங்கன்னுதான் கேப்பா" என்று பேருந்து ஓட்டுகிற அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு கிடங்கு எரிந்தபோது, பூட்டிய பின்கதவுக்கு உள்பக்கம் கிடந்த ஆறு பேரை வெளியே தூக்கி வைத்தவள் அவள். கதவில் நகக்கீறல் இருந்தது.

ஆறு உயிர் போன பிறகுதான் நகர மன்றத்துக்கு ஞானம் பிறந்தது. உறுப்பினர்கள் வாய் கிழியப் பேசினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஒரு விதியும் போட்டார்கள். ஆட்கள் கூடும் எந்த இடத்திலும், உள்ளே ஆள் இருக்கும்போது பின்கதவில் பூட்டு தொங்கக்கூடாது. தொங்கினால் கட்டிடத்துக்கு சீல். சொல்லாமல் கொள்ளாமல் மணியடித்து ஒத்திகை பார்க்கவும் ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அந்த மன்றம் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று கதவம்மா நினைத்திருந்தாள். அந்த விதியை நம்பித்தான் பதினொரு வருடம் ஓட்டினாள்.

இந்த முறை ஒரு தையல் கூடம் மாட்டியது. நாற்பது பெண்கள், கூரை தொடும் துணிக்கட்டுகள், பின்கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. பெண்கள் நேரத்துக்கு முன்னால் நழுவிவிடுகிறார்களாம், அதற்குப் பூட்டாம். கதவம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு சீல் வைத்தாள்.

முதலாளி கோபப்படவில்லை. சிரித்தார்.

"பூட்ட எடுத்துடறேன் மேடம். ஆனா மன்றத்துலயும் பின்கதவப் பூட்டி ஒரு மாசம் ஆச்சு. அங்க மொதல்ல தொறக்கட்டும். அதே நிமிஷம் நானும் தொறக்கறேன்."

"காதுல பூ சுத்தாதீங்க. சட்டம் போட்டவங்களே பூட்டுவாங்களா?"

"போய்த்தான் பாருங்களேன்."

காஜா எடுக்கிற பெண் ஒருத்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "கூடம் எப்பக்கா தொறக்கும்? தொறந்தா அந்தக் கதவும் தொறந்திருக்கும்ல?"

"தொறந்திருக்கும்மா. அதுக்கு நான் பொறுப்பு."

சொன்ன கையோடு மன்றத்துக்குப் போனாள். பூட்டு இருந்தது. புத்தம் புதிதாகப் பளபளத்தது. காரணத்தைக் கேட்டபோது அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சிக்கலான விஷயம் ஓட்டெடுப்புக்கு வந்தால் போதும், உறுப்பினர்கள் ஜனங்கள் பார்க்கும் முன்வாசலை விட்டுவிட்டு, ஒவ்வொருவராகப் பின்கதவு வழியே கேன்டீனுக்கு நழுவிவிடுவார்கள். கை தூக்கினால் ஒரு பக்கத்துக்குப் பகை, தூக்காவிட்டால் இன்னொரு பக்கத்துக்குப் பகை. டீ குடித்தால் யாருக்கும் பகை இல்லை. ஆள் எண்ணிக்கை குறைந்து இரண்டு கூட்டங்கள் கலைந்து போக, தலைவர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊரை ஆளுகிறவர்களைத் தையல்காரப் பெண்களைப் போலவே அடைத்து வைக்க வேண்டியிருந்தது. பெண்களாவது பள்ளி விட்ட பிள்ளைகளைக் கூட்டிவர ஓடினார்கள்.

"தலைவரே, இந்தக் கதவுக்கு நேர் மேலதான் பார்வையாளர் மாடம். ஜனங்க இறங்கற படி இந்தக் கதவுகிட்டதான் முடியுது, வேற படியே இல்ல."

"மேல யாரும்மா வர்றா? நாங்க பேசறத நாங்களே கேக்கறதில்ல."

மன்றத்துக்கே சீல் வைக்க அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு போன் செய்தாள். "எழுதிக் குடு, பாப்போம்" என்றார். அவர் 'பாப்போம்' என்றால் அந்தக் காகிதத்தை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒத்திகை அதிகாரம் ஒன்றுதான் மிச்சம். அடுத்த கூட்டத்தன்று காலை பதினொரு மணிக்குப் போனாள். தையல் கூடத்தைத் திறந்துவிடச் சொல்லி மனுக் கொடுக்க முதலாளியும் அத்தனை பெண்களும் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காஜாப் பெண் மேலிருந்து கையாட்டினாள். கதவம்மா சுவரில் இருந்த மணியை அழுத்தினாள்.

அதன் பிறகு நடந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. மக்களுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று ஓட்டுக் கேட்டவர்கள் பின்னங்கால் பிடரியில் படப் பறந்தார்கள். அதுவும் எங்கே? முன்வாசல் விரியத் திறந்திருக்க, பழக்க தோஷம், எல்லோரும் பின்கதவுக்கே ஓடினார்கள். தலைவர் போட்ட பூட்டு ஒருவருக்கும் நினைவில்லை. "சாவி! சாவி!" என்று ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள். தலைவரைக் காணோம். மணியடித்ததும் தன் அறை வழியாக முதல் ஆளாக அவர் ரோட்டுக்குப் போய்விட்டார், சாவியும் சட்டைப் பையுமாக.

கதவம்மா அவர்களைப் பார்க்கவில்லை. மேலிருந்து இறங்கிய பெண்கள் படியில் நெருக்கியடித்து நின்றார்கள். கீழே உறுப்பினர்கள் அடைத்திருந்ததால் ஒரு அடி நகர முடியவில்லை. உண்மையில் தீ என்றால் அந்தப் படியில் யார் யார் கிடப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. "ஒத்திகைதான்! பயப்படாதீங்க!" என்று கத்தி, உறுப்பினர்களைச் சட்டையைப் பிடித்து விலக்கி, பெண்களை முன்வாசல் பக்கம் அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் கூட்டம் திரும்பக் கூடியது. இந்த முறை ஒருவரும் நழுவவில்லை. மூக்குடைபட்டவர்களின் வேகமே தனி. அவையை அவமதித்ததற்காக ஆய்வாளரின் சீல் அதிகாரமும் ஒத்திகை அதிகாரமும் ரத்து. ஏற்கெனவே வைத்த சீல்களை அவளே தன் கையால் எடுக்க வேண்டும். கதவைப் பூட்டுவதும் திறப்பதும் இனி கட்டிடக்காரரின் விருப்பம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சமீபத்தில் அவ்வளவு ஒற்றுமையாக அங்கே எதுவும் நிறைவேறியதில்லை.

மறுநாள் காலை உத்தரவுக் காகிதத்தோடு தையல் கூடத்துக்குப் போய், சீலைப் பிய்த்தாள். முதலாளி உள்ளே போய்ப் பின்கதவில் பழைய பூட்டையே மாட்டிவிட்டு வந்தார்.

"மன்றம் சொன்னா கேக்கணும்ல மேடம்?"

பெண்கள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். காஜாப் பெண் மட்டும் வாசலில் நின்றாள்.

"அக்கா, பின்கதவு தொறந்திருக்குதானே? நீங்க சொன்னீங்களே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். கதவம்மாவால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"பூட்டியிருக்கும்மா. இனிமே என்னையும் நம்பாத, அவங்களையும் நம்பாத."

ஜீப்புக்குப் போய், பக்கவாட்டில் மாட்டியிருந்த கோடாலியைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தாள். அரசாங்கச் சொத்து, சிவப்புப் பிடி. அந்தப் பெண் பாரம் தாங்காமல் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கீல் இருக்கிற பக்கமா வெட்டு. பூட்டப் போட்டு அடிச்சிட்டு நிக்காத, நேரம் போயிடும்."

முதலாளி வாயைத் திறந்தார். கதவம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். காஜாப் பெண் உள்ளே போய், கோடாலியைத் தன் தையல் இயந்திரத்துக்குக் கீழே வைத்து, கால் எட்டுகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோத்தாள்.