கிளவுசுக்குச் சாம்பிராணி

இன்று கோயிலில் சாம்பிராணி வாசனை வந்ததும் ஹூஸ்டனில் எங்கள் பழைய வீட்டின் கார் கராஜ் நினைவுக்கு வந்துவிட்டது. சின்ன வயதில் நான் பாக்சிங் பழகியபோது, அம்மா என் கிளவுசைத் துடைத்து, ஈரம் இழுக்க உள்ளே பேப்பர் திணித்து, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த கையோடு, குழந்தைத் தலைக்குக் காட்டுவதுபோல அதற்கும் சாம்பிராணி காட்டுவாள். ஜிம்மில் பையன்கள் மோந்து பார்த்து, "இது ஜிம்மா, சர்ச்சா?" என்று சிரிப்பார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒருநாள் கோச், எல்லார் கிளவுசையும் பையில் போட்டு, "உங்க அம்மாகிட்ட குடு, இங்க நாத்தம் தாங்கல" என்றார்.

"யாரு பெத்த புள்ளைங்களோ, பலமா அடிபடாம இருக்கட்டும்" என்று அம்மா கராஜில் ஒவ்வொன்றாக எடுத்துப் புகை காட்டினாள். பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று நான் கராஜ் கதவை இறக்கிவிட்டேன். உள்ளே அம்மா இருமினாள்.

இன்று தீபாராதனையில் எனக்குத் தலை நிமிரவில்லை. அம்பாள் மன்னிக்கட்டும், மணியோசைக்குள்ளும் அந்த இருமல்தான் கேட்டது.