மீட்கப்பட மறுத்த கதை

ஒன்பது வயதில் அமெரிக்கச் சிப்பாய்கள் என்னை மீட்க வந்தார்கள். நான் மீள மறுத்தேன். இது நடந்தது நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சான்ட்ரிங்ஹாமில், எங்கள் பள்ளி மண்டபத்தில், பெற்றோர் முன்னிலையில்.

பழங்குடியினர் சிறைபிடித்து வளர்த்த வெள்ளைக்காரக் குடியேறிச் சிறுமியைச் சிப்பாய்கள் மீட்டுப் பெற்ற தாயிடம் ஒப்படைப்பதுதான் நாடகம். குடியேறித் தாய் ஒரு சமோவாத் தீவுப் பிள்ளை. பழங்குடித் தாய் ஒரு வெள்ளைக்காரச் செம்பட்டைத் தலைச்சி. வெள்ளைக்காரச் சிறுமி நான். நடிப்புக்காக அல்ல, குரலின் அளவுக்காக எடுத்தார்கள். நாவூறு படாமலிருக்கச் சின்னம்மா என் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டைப் பழங்குடி அடையாளமென்று டீச்சர் பாராட்டினார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. நான்கு வருடங்களுக்கு முன் அம்மா என்னை அவரோடு அனுப்பிவிட்டு, தன் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். அம்மா வந்து இப்போது மூன்று வாரம். நகரின் மறுபக்கம், பக்குரங்காவில் வாடகைக்கு வீடும் எடுத்தாயிற்று. சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது வரிசையில் இருவரும் இருந்தார்கள். சிப்பாய்கள் என்னை இழுத்தார்கள். நான் அழுதுகொண்டே சமோவாத் தாயிடம் ஓடவேண்டும். ஓடவில்லை. செம்பட்டைத் தலைச்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் சொன்னால் அம்மாவுக்கு விளங்காதே என்று தமிழிலேயே கத்தினேன்:

"நான் வரமாட்டன்! இவதான் என்ர அம்மா!"

பழங்குடி மொழியைக்கூடப் படித்து வந்திருக்கிறாளே என்று மண்டபம் எழுந்து கைதட்டியது. உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர்.

கார் நிறுத்துமிடத்தில் சின்னம்மா என் காதைப் பிடித்தார். "என்னடி செய்தனீ? கதையில அப்பிடியே இருக்கு?"

"விடு," என்றார் அம்மா. "இழுத்தா பிள்ளை கத்தும்தானே." பிறகு என்னிடம், "நல்லாக் கத்தினனீ."

"ஓம். இன்னும் கத்துவன்," என்றேன்.

கத்தவேண்டி வரவில்லை. சனிக்கிழமை அம்மா தன் பெட்டியை மட்டும் காரில் ஏற்றினார். அமெரிக்க ராணுவத்தையே விரட்டியவளுக்கு ஒரு அம்மா எம்மாத்திரம் என்று நான் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். சொந்தத் தங்கை வீட்டில் மணியடித்துவிட்டு, நான் கதவைத் திறக்கும்வரை வெளியே நின்றார். சின்னம்மா திறந்தால் உள்ளே வருவதில்லை. ஒன்றரை வருடம் அப்படி நின்றார். தோற்றவர்கள் வெளியேதான் நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக நடந்துபோய்த் திறப்பேன்.