ஒரு சொட்டு உள்ள வராது

தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஆசீர்வாதம். வலது கை நடுவிரலின் முட்டியால் இரண்டு தட்டு, ஒரு சாண் தள்ளி இன்னும் இரண்டு. ஃபைபர் படகின் உடம்பில் காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் சத்தம் தொப்பென்று விழும். பிசின் நன்றாக ஊறிக் காய்ந்திருந்தால் டங்கென்று பேசும். திருவொற்றியூர் கடலோரக் கொட்டகையில் முப்பது வருடமாக மீன்பிடிப் படகு கட்டுகிறவருக்கு அது தொழில். ஆனால் அவர் தர்பூசணியையும் தட்டுவார், பேருந்தின் பக்கவாட்டையும் தட்டுவார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரின் மேசையைத் தட்டி, "உள்ள பொக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தவர். பல்லை அதற்குப் பிறகுதான் பிடுங்கினார்கள். கொஞ்சம் அழுத்தியே பிடுங்கியதாகக் கேள்வி.

அந்தப் பழக்கம்தான் அவரைக் கார்க்காரர் ஆக்கியது. எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில், யாரோ பெரிய இடத்துக்காகக் கடல் தாண்டி வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வேலையாகப் போன ஆசீர்வாதம் கிட்டே போய்க் கதவைத் தட்டினார். காவலாளி ஓடி வந்து கையைப் பிடிப்பதற்குள் நாலு தட்டு முடிந்துவிட்டது.

"இத்தினியூண்டு கனம். இதுக்கா இவ்ளோ பில்டப்பு? நான் கட்டனா கடல்லயே வுடலாம்" என்றார்.

காரைக் கடலில் விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் மனுஷன் கட்டிவிட்டார்.

விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றின் எஞ்சின் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. இரும்புக் குழாயில் சட்டம். மேல் உடம்பும் அடித்தட்டும் அவர் கைவேலை. மூன்று பூச்சு போதும் என்ற இடத்தில் ஐந்து போட்டார். கூரை இல்லை, ஒரே இருக்கை, சுறாவைப் போலச் சாய்ந்த முதுகு. மூக்கில் கம்பெனிச் சின்னம் வேண்டும் என்று தானே தூரிகை எடுத்துக் கடல்குதிரை வரைந்தார். குப்பத்தில் எல்லார் கண்ணுக்கும் அது இறாலாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அது எறா வண்டி.

"எறான்னா கொழம்புல போடலாம். இத்த இன்னா பண்றது?" என்பார் மனைவி சிலுவையம்மாள். ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டியை ஈரத் துணியால் துடைப்பது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் திடலில், கையால் கட்டிய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அதில் எறா வண்டியின் சரித்திரம் கொஞ்சம் கலவையானது. முதல் பந்தயத்தில் அது ஓடவே இல்லை; துறைமுகத்துக்கு நின்ற டிரெய்லர் வரிசையில் அதை ஏற்றிய குட்டியானை வேன் மாட்டிக்கொண்டது, திடலுக்குப் போனபோது கோப்பை கொடுத்து முடித்திருந்தார்கள். அடுத்ததில் கடைசி. "கடைசின்னா இன்னா, முட்ச்சுட்டு வந்துச்சா இல்லியா?" என்றார் ஆசீர்வாதம். பிறகு ஒருமுறை சக்கரம் மட்டும் தனியாக முன்னேறியது. போன ஜனவரியில், யாரும் எதிர்பார்க்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் இடம். அந்தக் கோப்பையில் இப்போது பிரஷ் ஊறிக்கொண்டிருக்கிறது. "சாமான்னா பொழங்கணும்" என்கிறார். ஆனால் கொட்டகைக்கு யார் வந்தாலும் அந்தக் கோப்பையிலிருந்துதான் பிரஷ்ஷை எடுப்பார், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மூன்றாம் இடம் வாங்கித் தந்தது ரிஃபானா. தண்டையார்பேட்டையில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பெண். வாரம் முழுக்க அடுத்தவர் காலடியில் பிரேக்கைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பவள், ஞாயிறு மட்டும் தன் காலை நம்பிப் பறப்பாள். ஆசீர்வாதத்தை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஹெல்மெட்டையும் அவர் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்த பிறகுதான் வண்டியில் ஏற விட்டார்.

போன மாதப் பந்தயத்தில் மழை. எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டிருக்க, கனமான எறா மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. ஆறு சுற்று பாக்கி இருக்கும்போது ரிஃபானா இரண்டாவது. அப்புறம் ஒரு வளைவில் அவள் பிரேக்கை மிதிக்க, வண்டிக்குள் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் மொத்தமும் முன்னால் பாய்ந்து கால்மேல் ஏறியது. பாதம் நழுவியது. எறா சேற்றில் போய்ப் படுத்தது.

காரணம் எளிது. ஆசீர்வாதம் வண்டியின் அடித்தட்டைப் படகின் அடி மாதிரியே கட்டியிருந்தார். கீழேயிருந்து ஒரு சொட்டு உள்ளே வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், வரவும் இல்லை. மேலேயிருந்து வந்ததுக்கு வெளியே போக வழி வைக்கவில்லை.

சோதனை அதிகாரி குனிந்து பார்த்து, அடியில் நாலு ஓட்டை போடாமல் அடுத்த பந்தயத்தில் வண்டியை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்ததுதான் இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். வருகிற ஞாயிறு.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆசீர்வாதத்தின் கொட்டகையில் ஓட்டை என்ற சொல்லே கிடையாது. மேல் பலகையில் திருகு மாட்ட வழி வேண்டுமென்றால்கூட 'கண்ணு வெக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். படகின் அடியில் அந்தக் கண்ணும் கூடாது. முப்பது வருடத்தில் அவர் எதன் அடியிலும் துளை போட்டதில்லை. அவர் கட்டிய படகில் போனவர்கள் எல்லாரும் கரைக்குத் திரும்பியிருக்கிறார்கள், சிலர் மீன் இல்லாமல் திரும்பினாலும்.

அதனால் வேறு வழி தேடினார். முதலில் தண்ணீரை உறிஞ்சக் கடற்பஞ்சு. பிறகு படகில் தண்ணீர் இறைக்கிற மக்கைக் கயிறு கட்டி இருக்கைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.

"ஒரு கைல ஸ்டீரிங்கு, இன்னோரு கைல மக்கா?" என்றாள் ரிஃபானா. "நான் ரேசுக்குப் போறேனா, மீன் புடிக்கப் போறேனா?"

"நேரா போற எடத்துல மொண்டு ஊத்திக்கினே போ."

"பின்னால வர்றவன் மூஞ்சிலயா?"

"அது ஒனக்கு நல்லதுதானே."

அவள் சிரிக்கவில்லை. "கேட்டுக்க நைனா. கோயமுத்தூர் டீமுலேர்ந்து மூணு தபா போன் வந்துட்ச்சு. நான் இங்கியே கீறேன். ஆனா ஞாயித்துக்கெயம இது ஓடணும். ஓட்ட போடு."

கொட்டகையில் அந்தச் சொல் விழுந்ததும் சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். ஆசீர்வாதம் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரிஃபானா வந்தபோது, எறா இரண்டு மரக்கட்டைகள் மேல் நின்றது. உள்ளே நாலு குடம் தண்ணீர். இருக்கையில் லுங்கியோடு ஆசீர்வாதம். பிரேக்கை மிதிக்கிறார், கால் நழுவுகிறது. மறுபடி மிதிக்கிறார். எவ்வளவு நேரமாக இப்படி என்று சிலுவையம்மாளிடம் ஜாடையில் கேட்டாள்.

"நாஸ்தா கூட துன்னல" என்றார் அவர்.

ஆசீர்வாதம் இறங்கினார். ஊறிச் சுருங்கிய பாதத்தைப் பார்த்தார். "இதோடயா ஆறு சுத்து பாக்கின்ற வரிக்கும் ஓட்டிக்கினு இருந்த?"

"ஆமா."

"சொல்றதில்லியா?"

"சொன்னனே."

அவர் கையால் சுற்றும் துளைக்கருவியை எடுத்தார். "நீ குந்து. கால வெச்சுக்கினு தண்ணி எறங்குதா பாரு" என்று சொல்லி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

ஐந்து பூச்சு. லேசில் விடவில்லை. தூள் கண்ணில் விழ விழச் சுற்றினார். தானே போட்டதைத் தானே திட்டிக்கொண்டு சுற்றினார். பிறகு கருவி பொசுக்கென்று இறங்கியது. மெல்லிய கோடாகத் தண்ணீர் அவர் கழுத்தில் ஊற்றியது.

"எறங்குது நைனா" என்றாள் மேலேயிருந்து. கொஞ்சம் பொறுத்து, "நின்னுட்ச்சே. இன்னா ஆச்சு?"

ஆசீர்வாதம் மேலே பார்த்தார். அவருடைய கட்டைவிரல் தானாகவே போய், அடியில் போட்ட அந்தக் கண்ணை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார். விரலை எடுத்து, மற்ற நாலு விரலுக்குள் இறுக்கி மடக்கிக்கொண்டார்.