காணாமல் போன சனிக்கிழமை

"காது கேக்குதா?" என்று தட்டி அனுப்பிவிட்டு, லாக் அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் திரையைப் பார்ப்பார். மூன்றாம் மாடி எக்ஸ்ரே அறைக் கணினியிலிருந்து கிளம்பிய அந்த வரி, கீழ்த்தளத்தில் இருக்கும் அவருடைய லினக்ஸ் சர்வரில் வந்து விழ வேண்டும். விழுந்தால், "ம், கேக்குதாம்" என்பார். விழாவிட்டால் அன்றைய சாப்பாடு ஆறிப்போகும்.

சோதனைக்கு மற்றவர்கள் 'டெஸ்ட்' என்று அனுப்பிவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொரு கணினியிடமும் பேச்சுக் கொடுப்பார். அடிக்கடி அணைந்துபோகும் மருந்தகக் கணினிக்கு, "எழுந்தாச்சா மகாராணி?"

அந்த மருத்துவமனையில் நூற்று நாற்பது கணினிகள். யார் உள்ளே வந்தார்கள், எந்தக் கருவி நின்றது, எந்தக் கதவு திறந்தது என்று ஒவ்வொன்றும் தன் நடப்பை வரிவரியாக அவருடைய சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரிகளுக்கு லாக் என்று பெயர். அதனால் துப்புரவுப் பணியாளர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் 'லாக் அக்கா'. வேலையில் மூழ்கியிருக்கும்போது யாராவது பேசினால் ஒரு விரலை உயர்த்துவார். தலைமை மருத்துவரும் அந்த விரலுக்கு நின்றிருக்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். "குழாயில தண்ணி வரலன்னா நான் குழாயைத் திருகிப் பார்ப்பேன். இவ நேரா மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்ப்பா" என்பார், தச்சு வேலை கற்றுக்கொடுக்கும் கணவர். மகளின் புகார் வேறு: "அம்மாகிட்ட தலைவலின்னு வாயத் தொறக்க முடியாது. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு கேப்பாங்க."

அந்தத் திங்கட்கிழமை காலை, குழந்தைகள் பிரிவில், ஞாயிறு முழுக்கப் பூட்டியிருந்த தடுப்பூசி அறையின் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியே இல்லாமல் கிடந்தது. முந்நூறு ஊசிகள் வீண். சனிக்கிழமை அங்கே பணியில் இருந்தவர் இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ள ஒரு நர்ஸ். ஃப்ரிட்ஜைக் கவனிக்கும் சின்னக் கணினியின் வரிகள் சனிக்கிழமை காலை பதினொன்று பத்தோடு நின்றிருந்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"கதவைத் திறந்து போட்டுட்டு, மாட்டிக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டரையும் அணைச்சிருக்காங்க. வேற என்ன?" என்றார் நிர்வாக அதிகாரி.

"கரன்ட் போய் வந்துச்சு சார். அப்புறம் சிவப்பு விளக்கு எரிஞ்சுது. ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருக்கிற புகார் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினேன்" என்றார் நர்ஸ். மின் பிரிவுக்கு எந்தப் புகாரும் வந்திருக்கவில்லை. மதியத்துக்குள் பணிநீக்க உத்தரவு எழுதப்படும் என்று பேச்சு.

லாக் அக்கா விரலை உயர்த்தினார். "ஒரு மணி நேரம் குடுங்க சார்."

முதலில் மாடிக்குப் போய் அந்தச் சின்னக் கணினியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து, "காது கேக்குதா?" அனுப்பினார். கீழே வந்து பார்த்தால் சர்வரின் இன்றைய கோப்பில் அந்த வரி இல்லை. நடுவில் தடுப்பு ஏதாவது மறிக்கிறதா என்று பார்த்தார், இல்லை. சர்வரின் சேமிப்பு வட்டு நிறைந்துவிட்டதா? பாதிகூட நிறையவில்லை. சர்வரின் வாசலிலேயே காவல் வைத்து, உள்ளே நுழைவதையெல்லாம் பார்த்தார். நிமிடத்துக்கு ஒன்றாக அந்தக் கணினியின் வரிகள் ஒழுங்காக நுழைந்துகொண்டிருந்தன.

"வருதே! வந்துட்டு எங்கடா போறீங்க?"

வந்த வரி ஒன்றை எழுத்தெழுத்தாகப் படித்தார். அதன் தலையில் ஒன்பது வருடங்களுக்கு முந்தைய தேதி இருந்தது. கணினிக்குள் கடிகாரத்தைக் காக்கும் காசு அளவு பேட்டரி செத்திருக்கிறது. சனிக்கிழமை மின்சாரம் போய் வந்ததும் அது பழைய தேதியில் விழித்திருக்கிறது. சர்வரும் வரியில் உள்ள தேதியைப் பார்த்து, ஒன்பது வருடத்துக்கு முந்தைய அடுக்கில் பத்திரமாக வைத்திருக்கிறது.

அந்த அடுக்கைத் திறந்தார். மொத்த சனிக்கிழமையும் அங்கே இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் திரும்பவில்லை. கதவு ஒரே ஒரு முறை, நாற்பது விநாடி திறந்து மூடியிருக்கிறது. புகார் பட்டன், இரண்டு முறை. புகாரை மின் பிரிவுக்கு அனுப்பும் ஏற்பாடோ அன்றன்றைய கோப்பை மட்டும்தான் படிக்கும்.

தேதியை நம்பி அடுக்கும் அந்த விதியை எழுதியது யார் என்று பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. அந்த விதியைத் திறந்து திருத்தினார்.

பிறகு தொலைபேசியை எடுத்தார். நிர்வாக அதிகாரியும் நர்ஸும் இறங்கி வந்தார்கள்.

"சார், இவங்க அழுத்தின புகார் சனிக்கிழமையே என்கிட்ட வந்துடுச்சு. நான்தான் அதைப் பழைய வருஷத்துல போட்டு மூடியிருக்கேன். வரியில இருக்கிற தேதியை நம்புன்னு விதி எழுதினது நான். இங்க வந்து சேர்ற நேரத்தை வச்சு அடுக்கியிருக்கணும். மாத்திட்டேன். உத்தரவு எழுதணும்னா என் பேர்ல எழுதுங்க."

"பேட்டரி செத்ததுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க?" என்று முணுமுணுத்தார் அதிகாரி. உத்தரவைப் பற்றி அதற்குப்பின் யாரும் பேசவில்லை.

நர்ஸ் சனிக்கிழமை வரிகள் இருந்த திரையருகே குனிந்தார். அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "என்ன போட்டிருக்கு? நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார்.

லாக் அக்கா படிக்கவில்லை. எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்து, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, நர்ஸின் முகத்தில் மாட்டிவிட்டார்.