வை எழுத்தில் வந்த கடிதம்

வெயிலில் காய்ந்த இரும்பைப் போலத்தான் இரத்தமும் மணக்கும் என்பதைப் பத்து வயதில், அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் தபால் பெட்டிகளுக்கு முன்னால் தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு மூசு என் வகுப்புத்தோழி. லைபீரியாக்காரர்கள், வீட்டில் வை மொழி. அது ஏறி இறங்கிப் போகும்போது சண்டையா பாட்டா என்று எனக்குப் பிடிபடாது. அங்கே போர். தன் அண்ணன் பிள்ளைகள் வார்னியும் லாசானாவும் உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்லும் கடிதத்துக்காக மூசுவின் அப்பா மாதக்கணக்காகக் காத்திருந்தார்.

அன்று ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்கள் பெட்டியில் அது இருந்தது. எங்கள் வீட்டில் தபாலை எடுப்பவர்தான் உறையையும் பிரிப்பார். அந்தப் பழக்கத்தில், மூசு "நோ, டாட் ஃபர்ஸ்ட்" என்று சொல்லச் சொல்ல நான் பிரித்துவிட்டேன். உள்ளே வை எழுத்து; வட்டமும் கொம்பும் புள்ளியுமாக, நம் 'கா, கி' போல எழுத்துக்கு ஓர் அசை. சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது.

"வாட்ஸ் திஸ், டெட் பக்ஸ்?" என்று எழுத்துகளைச் செத்த பூச்சிகளாக்கி, தாளைப் பறித்துக் கிழித்தான், எங்களைவிடப் பெரிய பையன் டைலர். மூசு அவன் மூக்கில் தலையால் முட்டினாள். அவன் அவள் முடியைப் பற்றிப் பெட்டி விளிம்பில் மோதினான், ஒருமுறையல்ல. "எவனாவது கைய வச்சா கடிச்சிட்டு ஓடியாந்துடு" என்பது எங்கள் அம்மாவின் உபதேசம். நான் கடித்தேன், ஓடவில்லை. 'எவர்சில்வர்' டிபன் பாக்ஸால் அவன் வாயிலேயே அடித்தேன். பல் ஒன்று தரையில் விழுந்தது. அவன் அழுதுகொண்டே, கையிலிருந்த கடிதத் துண்டை இரத்தத்தோடு மென்று விழுங்கினான்.

மூசுவின் அப்பா, எனக்கு அங்கிள், அவள் நெற்றிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மிச்சத் துண்டுகளை மேசையில் ஒட்டினார். அந்த எழுத்தை உரக்கச் சொல்லித்தான் பொருள் பிரிக்க வேண்டும். ஓர் அசையை ஏற்றிச் சொல்வார், இறக்கிச் சொல்வார், பிடிபட்டதும் அடுத்ததற்குப் போவார். மூசு என் காதில் ஆங்கிலத்தில் சொன்னாள்: கதவை வெளியே பூட்டி வீட்டைக் கொளுத்தினார்கள். பிள்ளைகளில் ஒருவன் எரிந்துபோனான். தப்பியவன் பெயர் வரவேண்டிய இடத்தில் மேசைதான் தெரிந்தது.

"ஹூ ஓபன்ட் இட்?" என்றார் அங்கிள்.

"மீ" என்றாள் மூசு.

கட்டுப் போட்ட பக்கத்திலேயே அறை விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை.

வேறு கடிதம் வரவில்லை. அங்கிளும் இறந்துவிட்டார், அந்தத் தாளை ஏற்றியும் இறக்கியும் சொல்லிப் பார்க்க இன்று கேட்டி நகரில் இருக்கும் மூசுவின் வீட்டில் ஆளில்லை. நான் சான் ஹோசேயிலிருந்து போகும்போதெல்லாம் அவள் தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்வாள். உறையைப் பிரித்தது தான்தான் என்றே, என்னைப் பார்க்காமல், இன்னமும் சொல்கிறாள்.